வெள்ளை மணலுக்கு ஒரு துணை

வணக்கம் நேயர்களே. மாரி மழை விட்ட மறுநாள் காத்தான்குடியிலோ ஆரையம்பதியிலோ ஒரு வளவுக்குள் போய்ப் பாருங்கள். கிணற்றில் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்தில் நிற்கும். சற்றுத் தள்ளியிருக்கும் மலசலகூடக் குழியிலும் அதே மட்டம்தான். நடுவே இருப்பது, மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையின் வெள்ளை மணல் மட்டும்.

ஊற்றிய தண்ணீரை உடனே இழுக்கிறதே, அப்போ சுத்தமாக்கியும் விடும் என்று அந்த மணலை நம்பிவிட்டோம். கழிவுநீர் மண்ணில் மெதுவாக இறங்கினால்தான் கிருமிகள் குறையும். கழிவுநீரிலுள்ள பொசுபேற்று என்ற சத்தைப் பிடித்துவைப்பதோ மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும். குவார்ட்ஸ் நிறைந்த கரையோர மணலில் இவை மிகக் குறைவு. நழுவிப்போகும் பொசுபேற்று வாவியைச் சேர்ந்து ஆற்றுவாழை என்ற நீர்க்களைக்குப் பசளையாகிறது.

குழியிலிருந்து வரும் கழிவுநீரை வடிகட்ட மணலால் ஒரு பாத்தி அமைக்கலாம். மணலின் அந்தக் குறையை நிரப்பக்கூடிய பொருளை நாங்கள் கழிவென்று கொட்டுகிறோம். குளத்து நீரைத் தெளிவித்துக் குழாய்நீராக்க, படிகாரம் போன்ற அலுமினிய உப்பைப் போடுவார்கள். அடியில் தங்கும் சேற்றில் அந்த அலுமினியம் அப்படியே இருக்கிறது. பொசுபேற்றைக் கண்டால் இறுகப் பற்றிக்கொள்ளும். ஆனால் நன்றாகக் காயவைத்து உடைத்து மணலோடு கலக்க வேண்டும். ஈரச்சேறாகப் போட்டால் பாத்தி அடைத்துவிடும்.

அடுத்தது நெல் ஆலை உமி. மட்டக்களப்பு, அம்பாறை ஆலைகளின் பின்னால் மலைபோல் கிடப்பதுதான். வெள்ளைச் சாம்பலாகும்வரை எரிக்காமல், காற்றைக் குறைத்துக் கருக்கினால் நுண்துளை நிறைந்த கரி கிடைக்கும். அதில் பற்றீரியாக்கள் குடியேறி, காற்று கிடைத்தால் கழிவுநீரிலுள்ள அமோனியாவை நைத்திரேற்றாக்கும். நைத்திரேற்றை மண் பிடித்துவைக்காது, அது கிணற்றுக்குப் போய்விடும். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் கூடாதென்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே கீழே, காற்றுப்புகாமல் நீர் தேங்கும் அடுக்கொன்றில் மரத்தூள் போட வேண்டும். அதை உண்ணும் வேறு பற்றீரியாக்கள் நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கி அனுப்பிவிடும். ஜப்பானில் மண், கரி, மரத்தூள், இரும்புத்தூள் கலந்த கட்டிகளை அடுக்கடுக்காக வைத்து இதே வேலையைச் செய்கிறார்கள்.

எங்கள் கரையில் இந்தப் பாத்தியைக் குழி தோண்டி அமைக்கக் கூடாது. நிலத்துக்கு மேலே மேடாகக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் மாரியில் மூழ்கிவிடும். மரத்தூள் உக்கும், அலுமினியமும் ஒருநாள் பொசுபேற்றால் நிரம்பும், மாற்றத்தான் வேண்டும். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பலைப் போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அதில் ஆசனிக்கு போன்ற நச்சுகள் இருக்கக்கூடும். பரிசோதிக்காமல் கிணற்றடிக்கு அதைக் கொண்டுவர நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

எனக்கொரு ஆசை. ஒரு பள்ளிக்கூட வளவில் இப்படி ஒரு மேட்டைக் கட்டி, நிலத்தடி நீரோட்டத்தில் அதற்கு முன்னும் பின்னும் இரண்டு சிறு கிணறு வெட்டி, ஒரு மாரி முழுக்க மாதமொருமுறை பிள்ளைகளே நைத்திரேற்றை அளந்து பார்க்க வேண்டும்.