நிபந்தனையை எடுத்துவிட்டால் எது உடைகிறது?

நேயர்களுக்கு வணக்கம். தூய கணிதம் படிக்கிற பலருக்குத் தேர்வு நெருங்கும்போது சக மாணவர்தான் ஆசிரியர். விடுதி மாடியில், நூலக வாசலில் நடக்கிற அந்த வகுப்பைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்கிறேன்: ஈவுக் குலம். மாணவர்கள் கோஷன்ட் குரூப் என்பார்கள். குலம் என்றால், எந்த இரண்டைச் சேர்த்தாலும் உள்ளேயே நிற்கிற, செய்ததை அவிழ்க்கவும் முடிகிற ஒரு தொகுதி. அதற்குள்ளேயே இருக்கிற சிறிய குலம் உட்குலம். குலத்தைக் கட்டுகளாகப் பிரித்து, அந்தக் கட்டுகளையே வைத்துக் கணக்குப் போட்டால் ஈவுக் குலம்.

வழக்கமாக வரையறையிலிருந்து தொடங்குவார்கள். குலம், அதன் நார்மல் உட்குலம், கோசெட்டுகள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார்கள். அந்த நார்மல் என்ற நிபந்தனை எதற்கு என்று கேட்டால் பதில் வராது. ஆகவே வரையறையைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

இன்று புதன்கிழமை என்று வையுங்கள். 3 நாள் கழித்து சனி. 10 நாள் கழித்தும் சனி, 17 நாள் கழித்தும் சனி. 7 ஆல் வகுத்தால் 3 மீதி வருகிற எண்களெல்லாம் ஒரு கட்டு. முழு எண்கள் இப்படி 7 கட்டுகளாகப் பிரிகின்றன. 7இன் மடங்குகள்தான் இங்கே உட்குலம், இந்தக் கட்டுதான் கோசெட். 3 இருக்கிற கட்டையும் 5 இருக்கிற கட்டையும் எப்படிக் கூட்டுவது? ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் எண்ணை எடுத்துக் கூட்டுங்கள். 3, 5 எடுத்தால் 8, மீதி 1. 10, 19 எடுத்தால் 29. அதற்கும் மீதி 1.

இங்கே நிறுத்துங்கள். எந்த எண்ணை எடுத்தாலும் விடை ஒரே கட்டில் விழுகிறதே, அது தானாக நடக்கிற காரியமல்ல. அடுக்கு எடுத்துப் பாருங்கள். 1, 8 இரண்டும் ஒரே கட்டு. 2இன் 1ஆம் அடுக்கு 2. 2இன் 8ஆம் அடுக்கு 256. 7 ஆல் வகுத்தால் மீதி 4. ஒரே கட்டிலிருந்து எடுத்தும் விடை வேறு. வெல்-டிஃபைன்ட் என்று பாடத்தில் வருவது இதைத்தான்: எதை எடுத்தாலும் விடை மாறக் கூடாது.

கிழமைக் கணக்கோடு விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். அது போதாது. கூட்டலில் வரிசை மாறினாலும் விடை மாறாது. அப்படிப்பட்ட குலத்தில் எல்லா உட்குலமும் நார்மல்தான். அங்கே நிபந்தனைக்கு வேலையே இல்லை. உடைகிற எடுத்துக்காட்டு ஒன்று கட்டாயம் வேண்டும்.

மூன்று பொத்தான்களை வரிசையாக வையுங்கள்: சிவப்பு, பச்சை, நீலம். இவற்றை மாற்றியடுக்க 6 வழி, தொடாமல் விடுவதையும் சேர்த்து. முதல் இரண்டு இடங்களை மாற்றுவது முன்மாற்று. கடைசி இரண்டு இடங்களை மாற்றுவது பின்மாற்று. முன்மாற்று செய்து பிறகு பின்மாற்று செய்தால் பச்சை, நீலம், சிவப்பு. திருப்பிச் செய்தால் நீலம், சிவப்பு, பச்சை. இரண்டும் வேறு, இதை மனத்தில் வையுங்கள்.

தொடாமல் விடுவது, முன்மாற்று: இந்த இரண்டும் ஓர் உட்குலம். இவற்றில் ஒன்றைச் செய்து, பிறகு பின்மாற்று செய்தால் கிடைப்பவை ஒரு கட்டு. அதில் இரண்டே பேர்: வெறும் பின்மாற்று, முன்மாற்றும் பிறகு பின்மாற்றும். இந்தக் கட்டை உட்குலத்தோடு பெருக்குவோம், அதாவது கட்டிலிருந்து ஒன்றைச் செய்து, பிறகு உட்குலத்திலிருந்து ஒன்றைச் செய்வோம். பின்மாற்றை எடுத்து, அடுத்ததில் தொடாமல் விடுவதை எடுத்தால் விடை பின்மாற்று, அதே கட்டு. முன்மாற்றை எடுத்தால்? பின்மாற்று, பிறகு முன்மாற்று. அது அந்தக் கட்டிலேயே இல்லை. பெருக்கல் உடைந்துவிட்டது.

இந்தக் கணக்கை நீங்கள் போட்டுக் காட்டாதீர்கள். பொத்தான்களைக் கேட்பவர் கையில் கொடுங்கள். உடைவதை அவரே பார்த்தபின் சொல்லுங்கள்: உட்குலத்திலுள்ளதை முதலில் செய்து கட்டினாலும் பிறகு செய்து கட்டினாலும் ஒரே கட்டுகள் வந்தால் இது உடையாது, அந்த உட்குலத்துக்கு நார்மல் என்று பெயர். 1832 மே 29 அன்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் கால்வா தன் நண்பர் செவாலியேவுக்கு எழுதிய கடிதத்தில் இதே வேறுபாட்டைச் சொல்லியிருக்கிறார். வயது 20, இரண்டு நாளில் இறந்துபோனார். அவசரமாக எழுதிய கடிதத்தில் இதற்கு இடம் கொடுத்தார் என்பதே இதன் கனத்தைக் காட்டுகிறது.

அதே பொத்தான்களில் தொடாமல் விடுவதையும், மூன்று பொத்தான்களும் இடம் மாறிச் சுற்றுகிற இரண்டு சுழற்சிகளையும் எடுங்கள். அந்த மூன்றும் நார்மல் உட்குலம். கட்டுகள் இரண்டு. ஒற்றை, இரட்டை எண்களைக் கூட்டுவதுபோலவே அவை நடந்துகொள்ளும்.

கச்சிதத்தன்மை, அதாவது காம்பாக்ட்னெஸ் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். ஒரு நிமிடம்தான் இருக்கிறது என்று சைகை காட்டுகிறார்கள். முனைகள் சேராத திறந்த இடைவெளிகளால் எப்படி மூடினாலும், அவற்றில் முடிவுள்ள சிலவே மூடப் போதும் என்ற குணம்தான் அது. அங்கும் உடைப்பதிலிருந்தே தொடங்குங்கள். 0, 1 இரண்டும் சேராமல் இடையிலுள்ள எண்களை, அரையிலிருந்து 1 வரை, மூன்றில் ஒன்றிலிருந்து 1 வரை, காலிலிருந்து 1 வரை என்று திறந்த இடைவெளிகளால் மூடலாம். முடிவுள்ள எண்ணிக்கையில் எத்தனை எடுத்தாலும் 0க்குப் பக்கத்தில் கொஞ்சம் மிஞ்சும். 0, 1 என்ற முனைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், 0ஐ மூட வருகிற இடைவெளி, எவ்வளவு சிறிதானாலும், அந்த மிச்சத்தை விழுங்கிவிடும். 1க்கு இன்னொன்று, நடுவில் முடிவுள்ள சில போதும். நன்றி, வணக்கம்.