ஹெல்சின்கி – டோக்கியோ: தூரம் அதேதான், நேரம் மட்டும் ஏன் கூடியது?

[திரையில்: உலக வரைபடம், இரண்டு ஊர்களுக்கும் சிவப்புப் புள்ளி]

வணக்கம். பின்லாந்தின் ஹெல்சின்கியிலிருந்து ஜப்பானின் டோக்கியோவுக்கு எவ்வளவு தூரம் என்று தேடினால் சுமார் 7,800 கிலோமீட்டர் என்று வரும். ஜெட் விமானம் மணிக்கு 850, 900 கிலோமீட்டர் போகும், வகுத்துப் பார்த்தால் ஒன்பது மணி நேரம் சொச்சம். 2022 பிப்ரவரி வரை இந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது, ஒன்பதரை மணி நேரத்தில் போய் இறங்கிவிடலாம். அதற்கப்புறம் அதே பயணத்துக்கு 13 மணி நேரம்!

முதலில் அந்த 7,800 எங்கிருந்து வருகிறது?

[திரையில்: பூகோள உருண்டை, அதன் மேல் ஒரு நூல்]

தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் கஜகஸ்தான், மங்கோலியா, வட சீனா என்று போகும். ஆனால் பூமி உருண்டை. உருண்டையின் மேல் இரண்டு ஊர்களிலும் நூலைப் பிடித்து விறைப்பாக இழுத்துப் பாருங்கள், நூல் தானாகவே வடக்கே நகர்ந்து சைபீரியா மேல் போய் உட்காரும். அதுதான் குறுக்கு வழி. தூரம் காட்டும் எல்லாத் தளங்களும் தருவது இந்த நூலின் நீளத்தைத்தான்.

உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது, பதிலுக்கு ரஷ்யா 2022 பிப்ரவரி 28 அன்று 36 நாடுகளின் விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது. சைபீரியா வழி அடைபட்டுப் போனது. ஆசியாவுக்குக் குறுக்கு வழி என்பதையே நம்பித் தொழிலை வளர்த்த பின்லாந்தின் விமான நிறுவனம் பின்னேருக்கு இது பெரிய அடி.

[திரையில்: இரண்டு புதிய பாதைகள்]

இப்போது இரண்டு வழிகள். ஒன்று தெற்கே சுற்றி, ஜார்ஜியா, கஜகஸ்தான், சீனா, கொரியா. இன்னொன்று பெரிங் நீரிணை, அலாஸ்கா, அப்படியே வட துருவத்தின் மேல். டோக்கியோவிலிருந்து திரும்பும்போது பெரும்பாலும் துருவ வழிதான், ஏனென்றால் ஜப்பான் மேல் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்று குளிர்காலத்தில் மிகப் பலமாக இருக்கும், அதை எதிர்த்து மேற்கே போனால் நேரமும் எரிபொருளும் வீணாகும்.

துருவ வழியில் வேறு ஒரு கவலை உண்டு. ஜெட் ஏ-1 எரிபொருள் மைனஸ் 47 டிகிரியில் உறையத் தொடங்கும், வெளியே காற்று அதைவிடக் குளிராக இருக்கும். அதனால் விமானிகள் இறக்கைக்குள் இருக்கும் எரிபொருளின் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், ரொம்ப இறங்கினால் உயரத்தைக் குறைப்பார்கள், அல்லது வேகத்தைக் கூட்டுவார்கள்.

இது முற்றிலும் புது வழியும் இல்லை. 1983-இல் சோவியத் வான்வெளியைத் தொடாமல், டிசி-10 விமானத்தில், இதே பின்னேர் வட துருவம் வழியாக டோக்கியோவுக்கு நிற்காமல் பறந்தது. அப்போதும் ஏறக்குறைய 13 மணி நேரம்தான்.

சரி, டிக்கெட் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அதில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். குளிர்காலத்தில் டோக்கியோ ஏழு மணி நேரம் முந்தி இருக்கும், ஆகவே இரவு 10 மணிக்குக் கிளம்பி அதிகாலை 4 மணிக்கு ஹெல்சின்கி என்று போட்டிருந்தால் அது ஆறு மணி நேரப் பயணம் இல்லை, முழுசாக 13 மணி நேரம். பயண நேரம் என்று தனியாகப் போட்டிருக்கும் வரியைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.