மேட்ரிக்ஸ் ஸ்விட்சரை மென்பொருளில் அமைப்பது எப்படி?

[திரையில்: 8 வரிசை, 8 நெடுவரிசை உள்ள கட்டம்]

லேப்டாப் போன்ற பல கருவிகளின் படத்தையும் ஒலியையும் வேண்டிய திரைகளுக்கும் ஸ்பீக்கர்களுக்கும் மாற்றி அனுப்பும் கருவிதான் மேட்ரிக்ஸ் ஸ்விட்சர். அதன் மென்பொருளில் உள்ள இந்தக் கட்டத்தில் 64 சதுரங்கள் இருக்கின்றன. இடப்பக்கம் 8 இன்புட், மேலே 8 அவுட்புட். ஒரு சதுரத்தைத் தொட்டால் அந்த இன்புட் அந்த அவுட்புட்டுக்குப் போய்விடும். மேட்ரிக்ஸ் ஸ்விட்சரின் முக்கிய வேலை இவ்வளவுதான். மென்பொருளைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவதும் இந்தக் கட்டம்தான். அதனால் பலர் நேராக இங்கே வந்து சதுரங்களைத் தட்டிப் பார்க்கிறார்கள். படம் வந்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். மறுநாள் வேறொரு லேப்டாப்பைச் செருகினால் புரொஜெக்டர் திரை கறுப்பாக நிற்கிறது. கட்டத்தில் மட்டும் பச்சை நிறம் அப்படியே இருக்கிறது.

அந்தப் பச்சை, இன்புட்டும் அவுட்புட்டும் இணைக்கப்பட்டிருக்கின்றன என்று மட்டும்தான் சொல்கிறது. கேபிளில் என்ன ஓடுகிறது என்பதைச் சொல்வதில்லை. அதைத் தீர்மானிக்கும் அமைப்புகள் மற்ற பக்கங்களில் இருக்கின்றன.

[திரையில்: இணைப்புப் பக்கம்]

முதலில் கருவியோடு பேச வேண்டும். முன்பக்கத்தில் யுஎஸ்பி போர்ட் இருந்தால் அதிலேயே தொடங்குங்கள், எளிது. நெட்வொர்க் வழி என்றால் ஐபி முகவரியைக் கவனிக்க வேண்டும். உதாரணமாக, எக்ஸ்ட்ரான் நிறுவனத்தின் கருவிகள் பலவும் 192.168.254.254 என்ற முகவரியோடு வருகின்றன. உங்கள் கணினியின் முகவரி 192.168.1 என்று தொடங்கினால் இரண்டும் சந்திக்காது. கணினிக்குத் தற்காலிகமாக 192.168.254.10 என்றும், சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்றும் கொடுங்கள். கருவி தெரிந்ததும் அந்த இடத்து நெட்வொர்க்குக்கு ஏற்ற நிலையான முகவரியை அதற்குக் கொடுத்துவிட்டு, கணினியைப் பழைய நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இணைந்தவுடன் சில மென்பொருள்கள் ஒரு கேள்வி கேட்கும்: கருவியில் இருப்பதை எடுக்கவா, கணினியில் இருப்பதைக் கருவியில் ஏற்றவா? ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கருவி என்றால் எப்போதும் முதலில் எடுங்கள். எடுத்ததைத் தேதி போட்டுச் சேமித்த பிறகு மற்றதைப் பாருங்கள். வெறும் கோப்பைத் தவறி ஏற்றிவிட்டால் யாரோ பல நாள் உட்கார்ந்து செய்த அமைப்பு ஒரே நொடியில் அழிந்துபோகும்.

அப்புறம் பெயர் வைப்பது. 'லேப்டாப் 1' என்று வைக்காதீர்கள். லேப்டாப் மாறிக்கொண்டே இருக்கும், கேபிள் மாறாது. கேபிளின் மறுமுனை எங்கே இருக்கிறதோ அதுதான் நல்ல பெயர்: 'மேடை இடது', 'மேசை நடு'.

[திரையில்: ஈடிஐடி பக்கம்]

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். லேப்டாப்பை ஒரு திரையோடு நேராக இணைத்தால், அது படம் அனுப்பும் முன் திரையிடமிருந்து ஒரு சிறு தகவல் தொகுப்பை வாங்கிப் படிக்கிறது. அதுதான் ஈடிஐடி. அடிப்படைப் பகுதி 128 பைட். ஹெச்டிஎம்ஐ திரைகளில் கூடவே இன்னொரு 128 பைட் இருக்கும். தன்னால் எந்த ரெசல்யூஷனைக் காட்ட முடியும், எந்த வகை ஒலியை ஏற்க முடியும் என்று திரை அதில் சொல்லிவிடுகிறது. லேப்டாப் அதற்கேற்ப அனுப்புகிறது.

நடுவில் ஸ்விட்சர் வந்துவிட்டால் லேப்டாப் பார்ப்பது திரையின் ஈடிஐடியை அல்ல, அந்த இன்புட்டுக்கு ஸ்விட்சர் கொடுத்திருக்கும் ஈடிஐடியைத்தான். ஒவ்வொரு இன்புட்டுக்கும் எதைக் கொடுப்பது என்று நீங்கள் இந்தப் பக்கத்தில் முடிவு செய்கிறீர்கள். உள்ளேயே இருக்கும் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், அல்லது ஓர் அவுட்புட்டில் இருக்கும் திரையிலிருந்து நகலெடுக்கலாம்.

ஒரே இன்புட் ஒரு 4கே டிவிக்கும் 1080பி புரொஜெக்டருக்கும் போகிறது என்று வைத்துக்கொள்வோம். டிவியின் ஈடிஐடியை நகலெடுத்தால் லேப்டாப் 4கே அனுப்பும், புரொஜெக்டர் கறுப்பாகிவிடும். அவுட்புட்டில் ஸ்கேலர், அதாவது ரெசல்யூஷனை மாற்றித் தரும் பகுதி, இல்லாத ஸ்விட்சர் என்றால், இரண்டும் ஏற்கிற 1080பி-யைக் கொடுப்பதே சரி. 4கே-யை நொடிக்கு 60 பிரேம், முழு நிறத்தோடு அனுப்பினால் கேபிளில் ஏறத்தாழ 18 கிகாபிட் வேகம் தேவை. 1080பி-க்கு 4.5 கிகாபிட்டுக்குள் முடிந்துவிடும். நீளமான கேபிள்களில் இந்த வித்தியாசம் படம் நிலையாக நிற்பதையே தீர்மானிக்கிறது.

ஒலியும் இதற்குள்தான் இருக்கிறது. ஒருமுறை பழைய கணினி மானிட்டர் ஒன்றிலிருந்து ஈடிஐடியை நகலெடுத்துவிட்டேன். படம் அருமையாக வந்தது, ஒலி துளியும் இல்லை. கேபிள்களை மாற்றினேன், ஆம்ப்ளிஃபயரைச் சோதித்தேன், பாதி இரவு போனது. அந்த மானிட்டரில் ஸ்பீக்கரே கிடையாது. அதன் ஈடிஐடியில் ஒலி பற்றிய பகுதியும் கிடையாது. அதனால் லேப்டாப் ஹெச்டிஎம்ஐ வழியாக ஒலியே அனுப்பவில்லை. இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. சரவுண்ட் ரிசீவரின் ஈடிஐடியைக் கொடுத்தால், மூல கருவி பல சேனல் ஒலியைச் சுருக்கிய வடிவில் அனுப்பலாம். சாதாரண ஸ்டீரியோவை மட்டும் பிரித்தெடுக்கும் ஸ்விட்சரின் அனலாக் அவுட்புட்டில் எதுவும் கேட்காது. ஆகவே இரண்டு சேனல் பிசிஎம், அதாவது சுருக்கப்படாத ஸ்டீரியோ ஒலி உள்ள ஈடிஐடியைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்த பக்கம் ஹெச்டிசிபி, அதாவது நகல் பாதுகாப்பு. இன்புட் அதை ஏற்கும் என்று அறிவித்தால், சில லேப்டாப்கள் வெறும் ஸ்லைடைக்கூடப் பூட்டித்தான் அனுப்பும். பதிவுக் கருவிக்குப் போகும் அவுட்புட் உடனே வெறுமையாகிவிடும். உரை நிகழ்த்துபவர்களுக்கான இன்புட்டில் இதை அணைத்துவைக்கும் வசதி பல ஸ்விட்சர்களில் உண்டு. அணைத்தால் பாதுகாக்கப்பட்ட திரைப்படங்கள் அந்த இன்புட்டில் ஓடாது. அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

[திரையில்: மீண்டும் கட்டம், ஒலி தனியாக]

இப்போதுதான் கட்டம். படத்தை ஓர் இன்புட்டிலிருந்தும் ஒலியை இன்னொன்றிலிருந்தும் எடுக்க முடியும் என்பதால், வீடியோ, ஆடியோ, இரண்டும் என்று மூன்று நிலைகள் இருக்கும். எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள். திரைகள் படத்தைப் பதப்படுத்தச் சற்று நேரம் எடுப்பதால் ஒலி முந்திவிடும். ஒலி 45 மில்லிசெகண்ட் முந்தினாலே கண்டுபிடித்துவிடுகிறோம், பிந்தினால் 125 வரை பொறுத்துக்கொள்கிறோம். அதனால் ஆடியோ அவுட்புட்டில் தாமதம் சேர்க்கும் இடத்தைத் தேடி, பேசுகிறவரின் உதடுகளைப் பார்த்துக்கொண்டே சரிசெய்யுங்கள்.

இணைப்புகள் சரியானதும் அவற்றைப் பிரீசெட்டாக, அதாவது பிறகு ஒரே தடவையில் திரும்ப அழைக்கக்கூடிய தொகுப்பாகச் சேமியுங்கள். ஒலி அளவும் அதில் சேமிக்கப்படுகிறதா என்பது கருவிக்குக் கருவி மாறும், அதைச் சோதித்துவிடுங்கள். வெளியே ஒரு டச் பேனல் இந்த ஸ்விட்சரை இயக்கப் போகிறது என்றால் கட்டளைகள் முக்கியம். எக்ஸ்ட்ரான் கருவிகளில் 1*3! என்று அனுப்பினால் முதல் இன்புட் மூன்றாம் அவுட்புட்டுக்குப் போகும். பிளாக்மேஜிக் நிறுவனத்தின் வீடியோஹப் ஸ்விட்சர் 9990 என்ற நெட்வொர்க் போர்ட்டில் கட்டளைகளைக் கேட்கிறது, அதன் எண்கள் பூஜ்யத்தில் தொடங்குகின்றன. அங்கே முதல் இன்புட்டின் எண் 0. பேனலில் எல்லாம் ஒன்று தள்ளிப் போனால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கடைசியாக ஸ்விட்சரின் மின் இணைப்பைத் துண்டித்து, சில நொடிகள் கழித்துத் திரும்பக் கொடுங்கள். மென்பொருளை மூடிவிட்டு, கேபிள்களைத் தொடாமல், படமும் ஒலியும் தானாகத் திரும்புகின்றனவா என்று பாருங்கள். பிறகு புரொஜெக்டரை மட்டும் அணைத்துப் போட்டும் பாருங்கள். இரண்டிலும் எல்லாம் திரும்பி வந்தால், கருவியிலிருந்து அமைப்பை இன்னொரு முறை எடுத்து, இன்றைய தேதியோடு சேமியுங்கள்.