கத்திரி வெயிலில் முட்டை ஏன் தண்ணீராக ஓடுகிறது?

அடுத்த கேள்வி, நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு அம்மா அனுப்பியிருக்கிறார். கத்திரி வெயில் நேரத்தில் ஒரு அட்டை முட்டை வாங்கி அடுப்பு மேடையிலேயே வைத்திருந்தாராம். ஒரு வாரம் கழித்து உடைத்தால் வெள்ளைக்கரு தண்ணீராக ஓடுகிறதாம். “வெயிலுக்குப் புரதம் போய்விட்டதா? பிள்ளைகளுக்கு ஆஃப்பாயில் போடலாமா?” என்று கேட்கிறார்.

புரதம் எங்கும் போகவில்லை அம்மா. வெயிலில் முட்டை வெந்துவிடவும் இல்லை. வெள்ளைக்கரு உறைய ஆரம்பிக்கவே 60 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். நம் கடலூர் வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் அவ்வளவு வராது.

நடப்பது வேறு. ஓட்டில் ஆயிரக்கணக்கில் நுண்துளைகள் உண்டு. முட்டைக்குள் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு அது வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கும், திறந்து வைத்த சோடா மாதிரி. சூடு கூடினால் வேகமும் கூடும். வாயு போகப்போக வெள்ளைக்கருவில் காரத்தன்மை ஏறுகிறது. புதிதாக இட்ட முட்டையில் பிஎச் (காரத்தன்மையைக் காட்டும் அளவு) 7.6 வாக்கில் இருக்கும். அது 9-ஐத் தாண்டிவிடும். வெள்ளைக்கருவைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருப்பது ஓவோமியூசின் என்ற புரதம். அளவில் கொஞ்சம்தான், ஆனால் காரம் ஏறி அதன் பின்னல் தளர்ந்தால் மொத்தமும் இளகிவிடும். நீங்கள் தட்டில் பார்த்தது இதைத்தான்.

அதிக அளவில் இருப்பது ஓவால்புமின், வெள்ளைக்கருப் புரதத்தில் பாதிக்கு மேல். அதுவும் மெல்ல வேறு வடிவத்துக்கு மாறுகிறது. சாதாரணமாக 84 டிகிரி வாக்கில் உருக்குலைந்து கெட்டியாவது, மாறிய பிறகு 92 வரை தாங்கும். அதனால் பழைய முட்டையை எப்போதும்போல் வேகவைத்தாலும் வெள்ளை கொஞ்சம் தளர்வாகவே வரும். சத்துக் கணக்கில் இது பெரிய விஷயமில்லை.

நான் கவலைப்படுவது மஞ்சள்கருவைப் பற்றி. அதைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு சூட்டில் சீக்கிரம் பலவீனமாகிறது. உடைத்ததும் மஞ்சள் குன்று மாதிரி நிற்காமல் தட்டையாகப் பரவினால் அதுதான் அடையாளம். உள்ளே சால்மோனெல்லா கிருமி இருந்தால், அந்தச் சவ்வு தளர்ந்த பிறகு மஞ்சள்கருவின் சத்து அதற்குக் கிடைத்துவிடும். அறைச் சூட்டில் வேகமாகப் பெருகும். அதனால் அந்த முட்டையில் ஆஃப்பாயில் வேண்டாம். நாற்றம் இல்லையென்றால் நன்றாக வேகவைத்துக் குழம்பில் போடுங்கள். ஒரு லாபமும் உண்டு: பழைய முட்டைக்கு ஓடு சுலபமாக உரியும்!

நம் கடைகளுக்கு வருவது பெரும்பாலும் நாமக்கல் பக்கத்து முட்டை. லாரியிலும் கடை வாசலிலும் ஏற்கெனவே சூடு பட்டுத்தான் நம் கைக்கு வருகிறது. ஆகவே மே மாதத்தில் அட்டைக் கணக்கில் வாங்காதீர்கள். வாங்கியதைக் கழுவாமல் பிரிட்ஜில் வையுங்கள், கதவில் வேண்டாம், உள் தட்டில். எடுத்து வெளியே வைத்து மறுபடி உள்ளே வைப்பதும் வேண்டாம். ஓட்டில் நீர் வியர்த்தால் கிருமி உள்ளே போக வழியாகிவிடும்.