வரப்பு எலியும் கூகையும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். கோபிசெட்டிபாளையத்தைச் சுற்றி, கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பாயும் வயல்களில், நெல் கதிர் பிடிக்கும் நாள்களில் வரப்போரமாக நடந்தால், புதிதாகத் தள்ளிய ஈரமண் குவியல்களைக் காணலாம். அவற்றின் அடியில் குடியிருப்பது வரப்பு எலி. இரவில் அதை வேட்டையாட வருவது கூகை என்னும் ஆந்தை.

எலிக்குப் பலம் அதன் முன்பற்கள். அவை வாழ்நாள் முழுவதும் வளர்வன. முன்புறம் மட்டும் கடினமான எனாமல் இருப்பதால், பின்புறம் விரைவில் தேய்ந்து, பல் உளியைப்போல் கூர் மழுங்காமல் நிற்கிறது. வளை தோண்டி, அதன் வாயை மண்ணால் அடைத்து, வெட்டிய கதிர்களை உள்ளறையில் சேர்க்கிறது. வளையை வெட்டிக் கதிர்களை அள்ளியெடுத்தவர்கள் நம் ஊர்களில் பலர் உண்டு.

கூகையின் பலமோ செவி. வட்ட முகத்திலுள்ள விறைப்பான இறகுகள் ஒலியைத் திரட்டிச் செவிக்கு அனுப்புகின்றன. செவித்துளைகளில் ஒன்று சற்று மேலேயும் மற்றொன்று கீழேயும் அமைந்திருப்பதால், எலி எந்தப் பக்கம் என்பதோடு எவ்வளவு தாழ்வில் என்பதையும் ஒலியைக் கொண்டே அது அறிந்துவிடுகிறது. கண்ணுக்கு ஒன்றும் புலப்படாத முழு இருளிலும் கூகை இரையைப் பிடிக்கும் என்பது ஆய்வுகூடச் சோதனைகளில் மெய்ப்பிக்கப்பட்ட உண்மை. எனக்கு இன்றும் வியப்பளிப்பது இதுதான். சிறகு விளிம்பின் மெல்லிய இழைகள் காற்றின் இரைச்சலை அடக்குவதால், கூர்ந்து கேட்கும் எலிக்கும் அதன் வரவு தெரிவதில்லை. ஆனால் வளைக்குள் இருக்கும் எலியைக் கூகையால் ஒன்றும் செய்ய இயலாது. அது வெளிவரும்வரை காத்திருக்க உட்காரும் இடம் வேண்டும் என்பதால்தான் வயலில் பறவை தாங்கிகளை நடச் சொல்கிறார்கள்.

இனப்பெருக்கத்தில் எலியே முந்துகிறது. அது ஏறக்குறைய மூன்று வாரச் சினையில் பல குட்டிகளை ஈனும். கூகையோ முட்டைகளை 30 நாள் அளவுக்கு அடைகாத்து, குஞ்சுகள் பறக்க மேலும் இரண்டு மாதம்வரை இரையூட்ட வேண்டும். அவ்வளவு மெதுவாகப் பெருகும் பறவையை, அலறினால் சாவு விழும் என்று ஓட்டு வீடுகளிலிருந்து நாம் விரட்டுவது பெரும் வேதனை.

அதைவிடக் கொடியது எலி மருந்து. இரத்தத்தை உறையவிடாமல் தடுக்கும் மருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தளர்ந்து திரிந்து, கூகைக்கு எளிதில் அகப்படுகிறது. எலியின் ஈரலில் தங்கிய நஞ்சு கூகையையும் சேர்கிறது. ஆகவே, அருகில் கூகை அடையும் தோட்டங்களில் அவ்வகை மருந்தைத் தவிர்த்து, வளையை வெட்டியும் தஞ்சாவூர் கிட்டி என்னும் மூங்கில் பொறி வைத்தும் எலியைப் பிடிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வரப்பைக் குறுகலாக அமைத்தால், எலிக்கு வளை தோண்டும் இடமும் குறையும்.