இடித்தவன் ஓடிவிட்டானா? நம்பர் தெரியாமலே நஷ்டஈடு வாங்கலாம்!

67,387. இடித்துவிட்டு நிற்காமல் போன விபத்துகள் என்று 2022-ல் இந்தியாவில் பதிவானவை இத்தனை. அதற்கு நஷ்டஈடு கேட்டு 2022-23-ல் வந்த மனுக்கள் எத்தனை தெரியுமா? 205! மனுப் போட்ட எல்லோரையும் நாலு டவுன் பஸ்ஸில் ஏற்றிவிடலாம்.

வணக்கம் மக்களே. ரோட்டோரம் நடந்து போகிறவரை ஒரு வண்டி தட்டிவிட்டுப் பறந்துவிடுகிறது. "நம்பரே தெரியல, யார் மேல கேஸ் போடுறது?" என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். யார் மேலும் போட வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 161-வது பிரிவு இதற்காகவே இருக்கிறது. உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். 2022 ஏப்ரலுக்கு முன்பு 25,000, 12,500. வரலாறு போதும்.

இப்போதுதான் எனக்குப் பிடித்த இடம். கொடுங்காயம் என்றதும் ஐசியூ, வென்டிலேட்டர் என்று கற்பனை ஓடுகிறதா? சட்டத்தின் பட்டியலில் எலும்பு முறிவு இருக்கிறது, முகத்தில் அழியாத வடு இருக்கிறது. கூடவே பல்லும் இருக்கிறது! ஒரே ஒரு பல் உடைந்தாலும் கொடுங்காயம்தான். ஆனால் முட்டி கிழிந்து ரத்தம் கொட்டும்போது பல்லை யார் பார்க்கிறார்கள்? ஆஸ்பத்திரியில் எழுதும்போதே "பல்லும் போச்சு டாக்டர்" என்று சொல்லிவிடுங்கள். நம் ஆட்கள் செய்யும் பெரிய கூத்து இன்னொன்று: போலீஸ் தொல்லை வேண்டாம் என்று "தானா விழுந்துட்டேன்" என்பார்கள். அது அப்படியே ஆஸ்பத்திரியில் எழுதும் விபத்துப் பதிவில் (ஏ.ஆர். காப்பி) ஏறிவிடும். அப்புறம் எந்த வண்டி, என்ன நஷ்டஈடு? "அடையாளம் தெரியாத வண்டி மோதியது" என்று முதல் வாயிலேயே சொல்ல வேண்டும்.

சரி, வழிமுறை. எஃப்.ஐ.ஆர்., மருத்துவச் சான்று, அடையாள அட்டை, பாஸ்புக் நகல், படிவம் 1 என்கிற விண்ணப்பம். இவற்றை வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் நிலையில் இதற்கென நியமித்த விசாரணை அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் அவர் அறிக்கை, 15 நாளில் கலெக்டர் உத்தரவு, அடுத்த 15 நாளில் வங்கிக் கணக்கில் பணம். காகிதத்தில் ரெண்டே மாதம். 'காகிதத்தில்' என்பதை அழுத்திப் படிக்கவும்.

இதில் நம்ம ஊர்ப் பெருமையும் உண்டு. சாலைப் பாதுகாப்புக்காக 2012-ல் உச்ச நீதிமன்றம் போனவர் கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் ராஜசேகரன். உடைந்த எலும்புகளைப் பார்த்துப் பார்த்து அலுத்திருப்பார் போல! அந்த வழக்கில்தான் 2024 ஜனவரியில் உத்தரவு வந்தது: ஒரு மாதத்துக்குள் வண்டி எதுவென்று தெரியவில்லை என்றால், இப்படி ஒரு நஷ்டஈடு இருப்பதைப் போலீசே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தொகையைக் கூட்டுவது பற்றியும் யோசிக்கச் சொன்னது நீதிமன்றம். என்னைக் கேட்டால், காலில் பிளேட் வைக்கும் செலவுக்கு 50,000 எந்த மூலைக்கு?

பிறகு வண்டி சிக்கினால் விபத்து வழக்குகளுக்கான தீர்ப்பாயத்தில் முழு நஷ்டஈடு கேட்கலாம், இந்தப் பணம் அதில் கழிந்துவிடும். அதனால் பக்கத்துக் கடை சிசிடிவியை இன்றைக்கே எடுத்து வைக்கச் சொல்லுங்கள், பழைய பதிவு மேல் புதுப் பதிவு ஏறிவிடும். உங்களுக்குத் தெரிந்து யாராவது இந்தப் பணத்தை வாங்கியிருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். எத்தனை மாதம் இழுத்தது என்பதையும் சேர்த்துத்தான்!