பாத்திரம் ஏந்தும் பாத்திரம்

நேயர்களுக்கு வணக்கம்.

பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஐந்து பேர் வட்டமாக உட்காருவோம். மற்ற நால்வரும் என்னிடம் படித்தவர்கள். ஒருவன் மாங்கூழ் ஆலையில் வேலை பார்க்கிறான், ஒருத்தி நர்ஸ். நடுவில் கையால் வரைந்த ஒரு வரைபடம், பென்சில், நாலு முகத்திலிருந்து இருபது முகம் வரை விதவிதமான பகடைகள். பக்கத்து வீட்டு அம்மா, "சார் சீட்டாடுறாரா?" என்று என் மனைவியிடம் கேட்டேவிட்டார்.

நாங்கள் ஆடுவது கதை விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "நான் கதவைத் தட்டுகிறேன்" என்பான் ஒருவன். கதவு திறக்குமா என்பதைப் பகடை சொல்லும். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கி வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த விளையாட்டுகளுக்கெல்லாம் மூத்தது. போர்வீரன், மந்திரவாதி என்று அதில் பாத்திர வகைகள் உண்டு. மறு ஆண்டே, 1975-இல், துறவியும் ஒரு வகையாகச் சேர்ந்துவிட்டார். ஆனால் அந்தத் துறவி வெறுங்கையால் அடித்து நொறுக்குகிறவர். குங்ஃபூ படம் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி. 1978-இல் வந்த விதிப்புத்தகம் அவருக்கு ஒரு கட்டுப்பாடு வைத்தது: இரண்டு மந்திர ஆயுதம், வேறு மூன்று மந்திரப் பொருள், அதற்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. எனக்கு அடிதடியைவிட அந்த விதிதான் பிடித்தது. கையில் இல்லாததை வைத்து ஒரு பாத்திரத்தைச் செய்ய முடியுமா? அப்படித்தான் எங்கள் 'பரதேசி' பிறந்தான்.

நம்மிடம் அதற்கு ஒரு மூத்த முன்மாதிரி உண்டு, மணிமேகலை. வேற்றுருவம் எடுக்க, வானத்தில் செல்ல, பசியைப் போக்க என்று மூன்று மந்திரம் அவளுக்குக் கிடைக்கிறது. இந்த விளையாட்டு ஆடுகிற யாரிடம் சொன்னாலும், "முதல் நிலையிலேயே மூன்று சக்தியா, அநியாயம்!" என்பார்கள். அதைவிட, அவள் கையில் இருக்கும் அமுதசுரபியின் பழைய கதைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அதை முன்பு வைத்திருந்தவன் ஆபுத்திரன். கப்பல்காரர்கள் அவனை மணிபல்லவத் தீவில் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அங்கே மனிதரே இல்லை. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம் கையில் இருக்கிறது, வாங்கிச் சாப்பிட ஆள் இல்லை. தன் ஒருவன் உயிரைக் காக்கவா இது என்று, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் விடுகிறான். அதையே விதியாக்கினோம்: பரதேசியின் திருவோட்டில் சோறு நிறையும், அடுத்தவர் பசிக்கு மட்டும். அவன் சாப்பாட்டுக்கு அவன் வீடு வீடாகப் போக வேண்டும். தருமபுரிக்காரன் பேச்சில் அதியமானின் நெல்லிக்கனி வராமல் இருக்காது, இந்த இடத்தில் அதுவும் வந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிச்சை எடுப்பதற்குத்தான் அதிகம் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஐந்து வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் இருபது முகப் பகடையை ஒருமுறை உருட்ட வேண்டும். 11 அல்லது அதற்கு மேல் விழுந்தால் ஒரு கவளம் களி. 16 அல்லது அதற்கு மேல் விழுந்தால் களியோடு ஒரு சேதியும் கிடைக்கும். ஊர்க் கிணறு ஏன் மூடியிருக்கிறது, மணியக்காரர் ராத்திரியில் எங்கே போகிறார் என்பதெல்லாம் திண்ணையில்தானே கிடைக்கும். ஐந்து வீட்டில் ஒரு சேதியாவது கிடைக்க நூற்றுக்கு 76 வாய்ப்பு. முழுப் பட்டினி கிடப்பது 32 நாளில் ஒரு நாள். சரி, நியாயம்தான்.

1 விழுந்தால் ஒற்றன் என்று சந்தேகம். இது நானாகக் கட்டியது இல்லை. இளந்தத்தன் என்ற புலவர் சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் போனபோது, ஒற்றர் என்று நினைத்து அவனுடைய பகைவன் நெடுங்கிள்ளி கொல்லப் பார்த்தான். கோவூர்கிழார் பாடிக் காப்பாற்றினார். புறநானூற்றில் 47-ஆம் பாட்டு. ஊர் ஊராகப் போகிறவனுக்கு எல்லா வாசலும் திறக்கும், எல்லாரும் சந்தேகமும் படுவார்கள். ஆனால் கணக்கு வாத்தியாரே கணக்கில் கோட்டை விட்டேன். ஐந்து முறை உருட்டினால் ஒரு 1-ஆவது விழ நூற்றுக்கு 23 வாய்ப்பு. நாலு நாளைக்கு ஒரு நாள் பரதேசியை மரத்தில் கட்டி வைத்தார்கள். "சார், ஊர்ல இவனுக்கு வேற வேலையே இல்லையா?" என்று நர்ஸ் பெண் கேட்டாள். அவள்தான் பரதேசி. அப்புறம் ஒரே நாளில் இரண்டு 1 விழுந்தால்தான் சந்தேகம் என்று மாற்றினேன். இப்போது நூற்றுக்கு இரண்டு.

ஓர் ஊரில் மூன்று ராத்திரிக்கு மேல் தங்கக் கூடாது என்றும் ஒரு விதி. தொப்பூர் மாதிரி ஒரு கணவாயில் அடைமழை பிடித்துக்கொண்டபோது அதிலும் சண்டை. நாலாம் நாள் மழையில் போ என்றால் செத்துப்போவான், தங்கினால் விதி போச்சு. அன்றைக்கு அவளே தீர்த்து வைத்தாள். புத்த பிக்குகள் மழைக்காலத்தில் மூன்று மாதம் ஓரிடத்தில் தங்குவார்கள், சமண முனிவர்கள் நாலு மாதம். நடக்கும்போது சிற்றுயிர்கள் மிதிபடும் என்பது ஒரு காரணம். தகடூர் என்று பழைய பெயர் கொண்ட நம் தருமபுரியிலேயே சமணப் பள்ளி இருந்ததற்குக் கல்வெட்டு இருக்கிறது. "இங்கேயும் மழைன்னா உள்ளேதான் சார் இருந்திருப்பாங்க" என்றாள். மறு பேச்சு இல்லை, விதியில் எழுதிக்கொண்டோம்.

வாளேந்திய ஆளுக்கு இந்தப் பரதேசி சுமைதான் என்று மாங்கூழ் ஆலைத் தம்பி இன்னமும் சொல்கிறான். கணவாயில் வழிமறித்த கொள்ளைக்காரர்களுக்கு அவள் ஓட்டை நீட்டியபோது அவன் தலையில் அடித்துக்கொண்டான். ஏழு பேர் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதில் நாலு பேர் சாப்பிட்டுவிட்டும் கொள்ளையடித்தார்கள், பகடை அப்படி விழுந்தது. மீதி மூன்று பேர் இப்போது எங்களோடு நடக்கிறார்கள்.

போன வாரம் ஒகேனக்கல் போல ஓர் அருவிக்கு வந்தோம். பரிசல் கவிழ்ந்தது. மற்றவர்கள் கரை ஏறிவிட்டார்கள். பரதேசி மட்டும் ஆற்று நடுவே ஒரு பாறையில் ஒதுங்கிவிட்டாள். கையில் ஓடு இருக்கிறது, பக்கத்தில் பசித்தவர் யாரும் இல்லை. "ஆபுத்திரன் கதையை வேண்டுமென்றே செய்தீர்களா சார்?" என்று கேட்டாள். இல்லை, அதுவும் பகடைதான். அப்போது பாறை இடுக்கில் ஒரு நீர்நாய்க் குட்டி கத்துவதாகச் சொன்னேன். நீர்நாய் 'அடுத்தவர்' ஆகுமா என்று எங்கள் விதியில் எழுதவில்லை. அதைப் பேசியே மணி பத்தாகிவிட்டது.

இன்றைக்கு ஆறு மணிக்கு மறுபடி உட்காருகிறோம். வணக்கம்.